படத்தில் வந்த ஜன்னல்

ஜன்னலோரம் நீயே உட்கார்ந்துக்கோ கண்ணு. எனக்கு இந்த மலை வளைவெல்லாம் பார்த்தால் தலை சுற்றும். பள்ளத்தைப் பார்க்காமல் முருகனை நினைத்துக்கொண்டே இருந்தால் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். மைசூருக்கா போகிறாய்? நானும் மைசூருக்குத்தான். என்ற மகள் அங்கே இருக்கிறாள். பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

சத்தியமங்கலத்தில் பஸ் நின்றபோது உன் போனில் ஒரு படம் ஓடியதே, அது 'பாறைக்குழி'தானே? நான் எட்டிப் பார்க்கவில்லை கண்ணு, பாட்டுச் சத்தம் காதில் விழுந்தது. ஏற்கெனவே தியேட்டரில் பார்த்துவிட்டாயா? அவ்வளவு பிடித்துப்போனதா? புத்தகமும் படித்திருக்கிறாயா? 'நீச்சல் படித்த வருஷம்'. அட முருகா.

அதை எழுதினது என்ற மகள்.

நிசமாகத்தான் சொல்கிறேன். அட்டையில் என்ன பேர் போட்டிருக்கும்? தாரணி. அப்பன் பேர் எழுத்துக்கூட முன்னால் இல்லாமல் வெறும் தாரணி. அந்தத் தாரணியைப் பெற்றவள் நான்தான். முகச்சாடை தெரியாது. அவள் அவளுடைய அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "அப்படின்னா படத்துல வர்ற அம்மா நீங்களா?" என்று கேட்கிறாய் பார், அதைத்தான் யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும் என்று இருந்தேன். புத்தகத்தில் வருகிற அம்மா நான். படத்தில் வருகிறவள் நான் இல்லை. அவள் யாரோ.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் தினமும் காலையில் விளக்கேற்றி முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவில்லை, நல்ல இடம் என்று வைத்தேன். பெரியவன் லோகநாதன் ஒருநாள் பார்த்துவிட்டான். "என்னம்மா அது?" என்றான். "உன்ற தங்கச்சி எழுதினதுடா" என்றேன். வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கனம் பார்க்கிற மாதிரி கையில் ஒரு தூக்குத் தூக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அவனுக்குப் படிக்கிற பழக்கமே கிடையாது. பேப்பரில் வந்த சங்கதியைக்கூடத் தறிக்குடோனில் யாராவது சொன்னால்தான் தெரிந்துகொள்வான். ரெண்டு வருஷம் அந்தப் புத்தகம் அங்கேயே இருந்தது. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

அப்புறம்தான் படம் வந்தது.

குறையே சொல்லக் கூடாது கண்ணு, நன்றாக எடுத்த இடமும் இருக்கிறது. அவள் பெரியவளான நாளைப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாள். தனித் தட்டு, தனிப் பாய், அத்தைமார்கள் கேட்கிற கேள்வி, எல்லாம் இருக்கும். படத்தில் அதெல்லாம் இல்லை. அந்தப் பெண் உளுந்தங்களியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அவ்வளவுதான். அத்தனை பக்கமும் அதற்குள் வந்துவிட்டது. நான் தியேட்டரில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்க தாரணி அப்படியேதான் முழித்தாள்.

நீச்சல் படிக்கிறதையும் அழகாக எடுத்திருக்கிறார்கள். எங்க பக்கத்தில் செம்மண் மேட்டில் கல் உடைத்துவிட்டுப் போட்ட பள்ளத்தில் மழைத்தண்ணி நின்று பச்சைப் பசேல் என்று கிடக்கும். அதுதான் பாறைக்குழி. அவள்கூடப் படிக்கிற அந்தப் பையன் பழைய லாரி டியூபை அவள் இடுப்பில் மாட்டிவிட்டு, கரையில் நின்று, "காலை அடி, காலை அடி, மாவாட்டற மாதிரி கையைச் சுத்தாத" என்று கத்துவான். புத்தகத்தில் அவன் பேர் பரிதி. படத்திலும் பரிதிதான். நிசத்தில் வேறே பேர். அது இப்போது எதுக்கு? அவங்க வேறே ஆளுங்க கண்ணு. எங்க தெருவுக்குள் வந்து போகிறவங்க இல்லை. ஆனால் நான் அப்படியெல்லாம் பார்க்கிறவள் இல்லை. அந்தப் பையன் வாசலில் வந்து நின்றபோது குடிக்கத் தண்ணி கொடுத்திருக்கிறேன். சொம்பு தனியாகத்தான் வைத்திருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்திருக்கிறேன்.

அவர்களுக்குள் காதல் என்று புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. கூட நீந்தினார்கள், லைப்ரரிப் புத்தகம் மாற்றிக்கொண்டார்கள், பரீட்சை எழுதினார்கள். ஒருநாள் அந்தப் பையன் பாறைக்குழியில் மிதந்தான். அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவன், அவனே முங்கிப்போனான். எப்படி என்று தாரணி எழுதவில்லை. "அன்று விடியும்போது அண்ணன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். அம்மா தண்ணீர் ஊற்றினாள்." அப்படி ஒரு வரி வரும், ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவுதான். அடுத்த வரியில் அவள் பள்ளிக்கூடத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கப் போய்விடுவாள். நிசத்திலும் அப்படியே ஊரை விட்டுப் போனவள்தான்.

அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன். எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. நடந்ததைத்தானே எழுதியிருக்கிறாள்? வண்டி சேறாகிக் கிடந்தது, கழுவினான். நான்தான் குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினேன். செம்மண் கண்ணு, சக்கரத்தில் அப்பிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக் குத்திக் குத்தி எடுத்தோம். "எங்கடா போயிட்டு வந்தே?" என்றேன். "காட்டுக்கு" என்றான். எங்க வெள்ளாமைக் காடெல்லாம் கரிசல். "நம்ம காட்டுல ஏதுடா செம்மண்ணு?" என்று கேட்டேன். "பேசாம தண்ணியை ஊத்தும்மா" என்றான். ஊற்றினேன்.

இந்த ஒரு வரியைத்தான் படக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. வெறும் தண்ணிச் சத்தம். சிவப்பாக ஓடி வருகிறது, வாசலைத் தாண்டுகிறது, அந்தப் பெண் காலடியில் வந்து நிற்கிறது. எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்! வாசிக்கும்போது கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகாத வரி அது. கழுவினான் என்று படித்தால் கழுவினான், அவ்வளவுதான். காட்டினால் வேறே மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது, நீ படித்த பொண்ணு, நீயே சொல்லு.

லோகுதான் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனான். "தங்கச்சி கதையைப் படமா எடுத்திருக்காங்களாம், வா" என்று அவனே வந்து கூப்பிட்டான். அவனுடைய கூட்டாளிகள் தம்பிராசும் சின்னுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயசிலிருந்து மூன்று பேரும் ஒன்றாகவே சுற்றுகிறவர்கள். ஊர்ச் சனம் பாதி அங்கேதான் இருந்தது. அதுவரைக்கும் விசில் என்ன, சத்தம் என்ன. அந்தத் தண்ணி வாசலில் ஓடும்போது பின்னாலிருந்து எவனோ ஒருத்தன், "டேய், இது நம்ம லோகு வண்டிடா!" என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. முன்சீட்டு ஆளுகள் ஒவ்வொருத்தராகத் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. லோகு மட்டும் அசையவில்லை. மடியில் இருந்த பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் எனக்குத் தெரியும், தட்டு பறக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. படம் முடிந்து கூட்டமெல்லாம் வெளியே போகிற வரைக்கும் இருட்டில் உட்கார்ந்திருந்தான். "நல்லா எடுத்திருக்காங்கம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் இப்படிப் பக்குவப்பட்டதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

வண்டியில் வரும்போதுதான் கேட்டான். "தாரணி படக்காரங்ககிட்ட இன்னும் என்னென்ன சொல்லியிருப்பா?" எனக்கு என்ன தெரியும்? "நம்ம குடும்பத்தைப் பத்தி நல்லதாத்தான்டா சொல்லியிருப்பா" என்றேன்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பையனுடைய அம்மா மறுபடியும் மனுக் கொடுத்தாள். தவறி விழுந்தான் என்று போலீஸ்காரர்கள் அப்போதே எழுதி முடித்தது. படத்தைப் பார்த்துவிட்டு இப்போது திரும்பவும் விசாரிக்கச் சொல்கிறாள். தாரணி கோர்ட்டில் வந்து சொல்வாளா என்று வக்கீல் ஒருத்தர் அவளைத் தேடிக்கொண்டிருந்தாராம். அவளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம், ஊரெல்லாம் பேச்சு. பாவம், அந்த அம்மாவுக்காக நான் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளக்குப் போட்டு வருகிறேன். அதை யார் கண்டார்கள்? ஆனால் கோர்ட்டுக்குப் போனால் போன உயிர் வந்துவிடுமா? லோகுவுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. தாரணிக்கும் அது மருமகள்தானே.

அடுத்த வாரம் லோகு எண்ணெய் தேய்த்துக் குளித்தான். கோயிலுக்குப் போனான். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பழசையெல்லாம் விட்டறலாம்மா. நீ போய்த் தாரணியைப் பார்த்துட்டு வா."

"நீயும் வாடா சாமி."

"நான் வந்தா பயந்துக்குவா. முதல்ல நீ போ."

தங்கச்சி பயந்துகொள்வாள் என்றுகூட யோசிக்கிறான் பார். எத்தனை வருஷத்து விரதம் கண்ணு இது. கிருத்திகை தப்பாமல் பட்டினி கிடந்திருக்கிறேன், பிள்ளைகள் ரெண்டு பேரும் ஒரு வாசலில் நிற்க வேண்டும் என்று. முருகன் கேட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

தாரணியிடம் வருகிறேன் என்று சொன்னதும் போனிலேயே அழுதாள். வீடு எங்கே என்று எனக்கு மட்டும்தான் சொன்னாள். "அம்மா, அண்ணனுக்குத் தெரியக் கூடாது. சாமி மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். இந்த நிமிஷம் வரைக்கும் நான் அவனிடம் மூச்சு விடவில்லை. சாமி மேல் பண்ணின சத்தியத்தை நான் மீறுவேனா? அவனும் கேட்கவே இல்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு உன்னைக் கூப்பிட வருவாளா?" என்று மட்டும் கேட்டான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன். "நல்லது" என்றான்.

இந்தப் போன்கூட அவன் வாங்கிக் கொடுத்ததுதான், புதுசு. "இதுக்குள்ள ஒண்ணு போட்டிருக்கேம்மா, நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். பாஷை தெரியாத ஊரு, நீ வழி தவறிப் போனாக்கூட பயமில்ல" என்றான். இதோ பார், இந்த நீலப் புள்ளி. இது நான்தானாம்.

ஏன் கண்ணு, தண்ணி வேணுமா? முகமெல்லாம் வேர்த்திருக்கிறதே. வளைவு ஒத்துக்கொள்ளவில்லையா? எலுமிச்சம்பழம் இருக்கிறது, மோந்து பார். திரும்பித் திரும்பிப் பின்னால் என்ன பார்க்கிறாய்? அந்த வெள்ளைக் காரையா? அது பண்ணாரியிலிருந்தே வருகிறது. பஸ் கோயிலில் நின்றபோது நான் இறங்கி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புற்றுமண் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தேன் அல்லவா, டீக்கடைப் பக்கம் தம்பிராசு மாதிரி ஒருத்தன் நின்றான். என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன்தான், எனக்குத் தெரியாதா? லோகுதான் அனுப்பியிருப்பான். இல்லை, அவனே வருகிறானோ என்னவோ. அம்மா தனியாகப் போகிறாள் என்று மனசு கேட்டிருக்காது. எனக்குத் தெரிந்தால் வேண்டாம் என்பேன் என்று சொல்லாமல் வருகிறான். நானும் தெரியாத மாதிரியே இருக்கிறேன். பிள்ளைகள் பாசத்தைக் காட்டுகிறபோது கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் வெட்கப்படும்.

சரி, படத்தில் ஒரு ஜன்னல் வருமே, அதற்கு வருகிறேன். அதுதான் எனக்கு ஆறாத வெசனம்.

படத்தில் விடிகாலையில் அண்ணனும் கூட்டாளிகளுமாக மூன்று பேரும் வண்டியில் வந்து இறங்குகிறார்கள். ஒருத்தன் கையில் அந்த லாரி டியூபு. அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். நிதானமாகப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, சத்தம் வராமல், ஒவ்வொரு கதவாக ஜன்னலை மூடுகிறாள். அந்த நடிகை நன்றாகத்தான் செய்தாள், கல்லு மாதிரி ஒரு முகம். தியேட்டரில் எனக்கு முன்னால் இருந்த பொம்பளை, "த்தூ, இவளும் ஒரு தாயா" என்றாள். எனக்குக் கேட்டது. நான் என்ன செய்வேன் சொல்லு. எழுந்து நின்று, அது நான் இல்லை என்று கத்த முடியுமா? புத்தகத்தில் ஜன்னலே கிடையாது. நீ படித்திருக்கிறாய், சொல்லு, எங்கேயாவது இருக்கிறதா? கதையைப் படமாக எடுக்கிறவர்கள் கதையில் இருக்கிறதைத்தானே எடுக்க வேண்டும்? இல்லாத ஒரு ஜன்னலை வைத்து ஒருத்தியைப் பாவி ஆக்கலாமா?

என்ன கேட்கிறாய்? நான் மூடவில்லையா என்றா?

மூடவில்லை.

மூடவில்லை கண்ணு. அது வேறே. விடிகாலையில் எழுந்து குளித்து விளக்கேற்றுகிறவள் நான். அன்றைக்கும் ஏற்றினேன். பூஜை அலமாரி ஜன்னலுக்கு நேராக இருக்கும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. "முடிஞ்சுதுடா, வாயை மூடு" என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. ஒருத்தன் தேம்புகிற மாதிரியும் இருந்தது, சின்னுவாக இருக்கும், அவன் மனசு லேசு. நான் திரும்பவில்லை. சாமி முன்னால் நிற்கிறபோது திரும்பக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் காற்று. சுடர் படுக்கிறது, எழுகிறது, படுக்கிறது. ஏற்றின விளக்கு தானாக அணைந்தால் வீட்டுக்கு ஆகுமா? அதனால் ஜன்னலைச் சாத்தினேன். விளக்குக்காகச் சாத்தினேன். அதுவும் இதுவும் ஒன்றா?

ஆனால் ஒன்று கண்ணு. நான் இதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான், உன்னிடம்தான். அந்த அறையில் நானும் சாமியும்தான் இருந்தோம். படக்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது?

தாரணி பக்கத்தில் பாயில் படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

படத்தில் அந்தப் பெண் போர்வைக்குள்ளே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கும், இல்லையா?

ஆமாம். இருக்கும்.

அப்படியென்றால் புத்தகத்தில் அவள் எழுதாமல் விட்டது...

விடு. அதெல்லாம் எதுக்கு இப்போது. போய் அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும். சீடை பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன், அவளுக்குப் பிடிக்கும். நெற்றியில் இந்தப் புற்றுமண்ணை வைத்துவிட்டு, "வா சாமி, அண்ணன் மாறிவிட்டான், வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லப்போகிறேன்.

போனை அணைத்து வைக்கச் சொல்கிறாயா? எதுக்கு? இந்தக் காட்டுக்குள் சிக்னலே இல்லையே, பார், புள்ளி அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு அங்கே எவ்வளவு பதற்றமாக இருக்கும். நான் வேறே அணைத்து வைத்தால் பிள்ளை பயந்துபோக மாட்டானா? கொடு கண்ணு. கொடு. அப்படிப் பிடுங்கக் கூடாது.

ஆசனூரிலேயே இறங்கிக்கொள்ளலாமா? உன்னோடா? என்ன பேச்சு இது. அவள் ஸ்டாண்டில் வந்து காத்துக்கொண்டிருப்பாள். நான் இறங்கவில்லை என்றால் அங்கேயே நிற்பாள், தனியாக.

அவள் நம்பரா? உனக்கு எதுக்கு அவள் நம்பர்? அவளிடம் பேசணுமா? வாசகி என்று சொன்னால் சந்தோசப்படுவாள்தான். நீ நல்ல பொண்ணுதான், எனக்குத் தெரிகிறது. ஆனால் நம்பரையும் வீட்டையும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன் கண்ணு. பெற்ற பிள்ளைக்கே சொல்லவில்லை. பஸ்ஸில் பார்த்த உனக்குச் சொன்னால் சாமி என்னை மன்னிக்குமா? அழாதே. எதுக்கு அழுகிறாய்? நீ அவள் எழுத்தின் மேல் வைத்திருக்கிற பிரியம் எனக்குப் புரிகிறது. ஊர் வந்ததும் நேரிலேயே பார்த்துக்கொள். முதலில் நான் இறங்கி அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறேன், அப்புறம் நீ பேசு.

மரமெல்லாம் குறைந்துவிட்டது. சமவெளி வந்துவிட்டது போலிருக்கிறது. போர்டெல்லாம் கன்னடமாக இருக்கிறதே. டிரைவர் விரட்டுகிறார் பார், இனி நிற்காமல் போய்விடும்.

இதோ, போன் சத்தம் போட்டது. பார்த்தாயா, சொன்னேன் இல்லையா? நீலப் புள்ளி மறுபடி நகர்கிறது. அவன்தான் மெசேஜ் போட்டிருக்கிறான், வாசி கண்ணு, என்ன போட்டிருக்கிறான்?

'கெடச்சிருச்சும்மா. நேரா போ.'

பாவம், தவித்துப்போய்விட்டான். அம்மா எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டான்.

கிட்டே வா. முகத்தைக் காட்டு. இந்த மண்ணைத் துளி உனக்கும் வைத்துவிடுகிறேன், அம்மன் கூட இருந்தால் எந்தப் பயமும் அண்டாது. தாரணிக்கு வேண்டியது இருக்கிறது, கவலைப்படாதே.

இரு இரு, எல்லாம் காற்றில் பறக்கிறது. அந்த ஜன்னலை முதலில் இழுத்துச் சாத்து.